வேலையை விடுறதுக்கு முன்னாடி மண்வெட்டி பிடிச்சுப் பழகுங்க! - ஒரு ஏக்கர் கனவுக்கு ஒரு வருட ஹோம்வொர்க்

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணி. காலையில் மீட்டிங் இருக்கு. தூக்கம் வராமல் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கீங்க. பச்சைப் பசேல்னு ஒரு தோட்டம், ஓட்டு வீடு, திண்ணையில் காபி டம்ளர், பின்னணியில் இளையராஜா. 'பேசாம எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே போயிடலாமா?' என்று மனசு கேட்கும். தாத்தா விட்டுப்போன ஒரு ஏக்கர் ஊரில் சும்மாதான் கிடக்கு. அல்லது கையில் இருக்கிற சேமிப்பில் ஒன்றரை ஏக்கர் வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு ஓடும்.

ஆசை தப்பே இல்லை. ஆனால் அந்த ரீல்ஸில் நடுராத்திரி மூணு மணிக்கு கரன்ட் வந்ததும் எழுந்துபோய் மடை மாற்றுகிறவர் வருவதில்லை. கோழிக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் காலியான கூண்டும் வருவதில்லை. வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து, சேமிப்பை போர்வெல்லிலும் வேலியிலும் போட்டுவிட்டு, ரெண்டே வருஷத்தில் திரும்பி சிட்டிக்கு ரெஸ்யூம் அனுப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் அவர்களுக்குப் பற்றாக்குறையாக இருந்தது ஆர்வம் இல்லை, கைப்பழக்கம்.

அதனால் இந்தக் கட்டுரை 'என்ன பயிர் போட்டால் லட்சம் வரும்' என்பதைப் பற்றியது இல்லை. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, வார இறுதிகளில், ஒரு வருஷத்துக்குள் எதையெல்லாம் கையால் கத்துக்கணும் என்பதைப் பற்றியது.

முதலில் அளவு புரியட்டும்

1 ஏக்கர் என்பது 100 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. அதாவது 1 ஏக்கர் 43,560 சதுர அடி. சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் 18 கிரவுண்டுக்கும் கொஞ்சம் கூட. சதுரமான நிலமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் 'மா' கணக்கு சொல்வார்கள். 3 மா சேர்ந்தால் கிட்டத்தட்ட 1 ஏக்கர். ஊர்ப் பெரியவர் 'ஒன்றரை மா இருக்கு தம்பி' என்றால் முழிக்கக் கூடாது இல்லையா?

இந்த அளவை எதுக்குச் சொல்றேன்னா, முதல் வருஷம் ஒரு ஏக்கர் முழுக்கத் தொடாதீங்க. 10 சென்ட் போதும். அதுவே 4,356 சதுர அடி. அதைத் தனியாளாகக் கொத்தி, பாத்தி கட்டி, களை எடுத்துப் பாருங்க. மூணாவது நாள் உள்ளங்கையில் கொப்புளம் வரும்போது மீதி 90 சென்டைப் பற்றி உங்களுக்கே ஒரு தெளிவு வந்துவிடும். சொந்த நிலம் இல்லையென்றால் குத்தகைக்கு எடுங்க. வாங்குவதெல்லாம் அப்புறம்.

தண்ணிதான் சிலபஸில் பாதி

எந்தப் பயிர் என்று யோசிப்பதற்கு முன், உங்கள் கிணறோ போர்வெல்லோ மணிக்கு எவ்வளவு தண்ணி தருது என்று தெரியணும். இதுக்கு இன்ஜினீயர் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்று, செல்போன் ஸ்டாப்வாட்ச் ஒன்று. மோட்டாரைப் போட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம் டிரம்மைப் பிடிங்க. 1 நிமிஷத்தில் நிறைந்தால் மணிக்கு 12,000 லிட்டர்.

இப்போ கணக்குக்கு வாங்க. 1 ஏக்கரில் 1 அங்குல உயரத்துக்குத் தண்ணி நிறுத்த ஏறக்குறைய 1,03,000 லிட்டர் வேணும். மேலே சொன்ன போர்வெல் எட்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடினால்தான் அது நடக்கும். இது மண் குடித்துக்கொள்ளும் தண்ணி, வாய்க்காலில் வீணாகிற தண்ணி எதையும் சேர்க்காத கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஏக்கர் நெல் என்பது தினமும் தலைவலி.

அதே நிலத்தில் 25 அடி இடைவெளியில் தென்னை வைத்தால் ஏக்கருக்கு 70 மரம் வரும். கோடையில் ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர் என்று சொட்டுநீரில் விடுவதாக வைத்துக்கொண்டால்கூட 5,600 லிட்டர்தான். அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும். ஆக, பயிரைத் தேர்வு செய்வது உங்கள் ஆசை இல்லை பாஸ், அந்த டிரம்!

ஒரு விஷயம், இந்த டெஸ்ட்டை டிசம்பரில் செய்து ஏமாறாதீங்க. தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில்தான் வருது. மழை முடிந்த கையோடு எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். சித்திரை, வைகாசியில் போய் அளக்கணும். நிலம் வாங்கப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு வரியை மறக்கவே கூடாது. புரோக்கர்கள் மார்கழியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதற்குக் காரணம் பனிக்காற்று மட்டும் இல்லை.

அடுத்து, தண்ணி கட்டப் பழகணும். 'வாய்க்காலில் தண்ணி விடுறதுல என்ன இருக்கு?' என்று தோணும். இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பாத்தி நிறைகிற நேரத்தில் அடுத்த மடையைத் திறந்து இதை அடைக்கணும். மண்வெட்டியால் ஒரே வெட்டில் மண்ணை அள்ளி, ஒரே தட்டில் அடைப்பு நிற்கணும். நாலு வெட்டு வெட்டினால் அதற்குள் பக்கத்துப் பாத்தி உடைந்திருக்கும். மணல்பாங்கான நிலத்தில் பாத்தி சின்னதாக இருக்கணும், இல்லையென்றால் தண்ணி கடைசி வரைக்கும் ஓடாது. களிமண்ணில் கொஞ்சம் நீளமாகப் போடலாம். இதெல்லாம் எந்த வீடியோவிலும் கைக்கு வராது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய், "அண்ணே, நீங்க தண்ணி கட்டுறப்போ நானும் கூட நிக்கட்டுமா?" என்று கேளுங்க. சிரிப்பார். ஆனால் மாட்டேன்னு சொல்ல மாட்டார்.

சொட்டுநீருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவிகித மானியமும் இருக்கு. தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கி விண்ணப்பிக்கணும். ஆனால் குழாய் போட்டுவிட்டால் வேலை முடியாது. ஃபில்டரைக் கழற்றிக் கழுவ, அடைத்துப்போன டிரிப்பரை மாற்ற, எலி கடித்த லேட்டரலை வெட்டி இணைக்க நீங்களே கத்துக்கணும். ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிட்டால் மிளகாயில் வந்த காசு அவருக்கே போயிடும்.

மோட்டார் ரூமில் ஹீரோயிசம் வேண்டாம்

விவசாய மின் இணைப்பு பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் 'ஊம்ம்'னு இரையும், ஆனால் தண்ணி வராது. அப்படியே விட்டால் காயில் எரிந்துவிடும். அந்தச் சத்தத்தைக் காது அடையாளம் கண்டுபிடிக்கணும், உடனே ஆஃப் செய்யணும். சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் வைத்த ஸ்டார்ட்டர் இருந்தால் அதுவே நிறுத்திவிடும். ஃபியூஸ் மாற்றுவது போன்ற சின்ன வேலையை, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, காய்ந்த கை, செருப்புப் போட்ட காலோடு, உள்ளூர் எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கும்போது பழகிக்கோங்க. அதற்கு மேல் உள்ளது அவர் வேலை.

காட்டுப்பன்றி வருதுன்னு வேலியில் கரன்ட்டை நேரடியாக விடச் சொல்லும் 'அனுபவசாலி'கள் ஊருக்கு ஒருத்தர் இருப்பார்கள். அது சட்டவிரோதம் மட்டும் இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போகிறவரின் உயிர்.

மண்ணும் விதையும்

மண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் உருட்டுங்க. கயிறு மாதிரி திரிந்து, வளையமாக வளைக்க முடிந்தால் களிமண். திரிக்கவே வராமல் உதிர்ந்தால் மணல். இடைப்பட்டது வண்டல், செம்மண் கலவை என்று ஊருக்கு ஒரு பெயர். இது முதல்கட்ட அறிமுகம்தான். முறையான மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதே ஒரு கலை. வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக்குழி பக்கமெல்லாம் விட்டுவிட்டு, நிலத்தில் 10, 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவத்தில் 6 அங்குலம் குழி எடுத்து, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகச் சுரண்டி பிளாஸ்டிக் பக்கெட்டில் போடணும். நன்றாகக் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் ரெண்டு பங்கை எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை மறுபடி கலந்து... இப்படியே அரை கிலோ மிஞ்சும் வரை. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிக் கொடுக்கலாம். கூடவே மோட்டார் பத்து நிமிஷம் ஓடிய பிறகு பிடித்த ஒரு லிட்டர் தண்ணியையும் கொடுங்க. உப்புத் தண்ணியா என்பது மண்ணைவிட முக்கியமான தகவல்.

நிலம் ரொம்ப நாள் தரிசாகக் கிடந்ததா? முதல் வேலையாகத் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கிற பருவத்தில், ஏறக்குறைய 45-வது நாளில், மடக்கி உழுங்க. விற்க ஒண்ணும் வராது. ஆனால் மண்ணுக்குச் சாப்பாடு கிடைக்கும், உங்களுக்கு ஒரு விதைப்பும் உழவும் பழகக் கிடைக்கும். தோற்றாலும் நஷ்டம் குறைவு.

விதையைச் சோதிக்க ஈரச் சாக்கே போதும். எண்ணி 100 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்க. முளைத்ததை எண்ணுங்க. நெல் என்றால் 80-க்குக் குறையக் கூடாது. நெல்லில் பதர் பிரிக்க 10 லிட்டர் தண்ணியில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுவார்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை ரெண்டு, மூணு தடவை நல்ல தண்ணியில் கழுவி எடுக்கணும். உப்பு சரியான அளவா என்று பார்க்க ஒரு முட்டையைப் போடுவார்கள், அது மேலே வந்து மிதக்கணும். பாட்டி இதை எந்த மீட்டரும் இல்லாமல் செய்திருப்பார். பாட்டி இருக்கும்போதே கேட்டுக்கோங்க.

மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு வரி. டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்க. சிவப்பு என்றால் கடும் விஷம், அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். இயற்கை வழியில் போகிறீர்கள் என்றால் பஞ்சகவ்யா முதல் பாடமாக இருக்கட்டும். 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி, அதாவது 3 சதவிகிதம். 'நல்லதுதானே' என்று லிட்டர் கணக்கில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்!

மாடு அப்புறம், கோழி முதலில்

கிராம வாழ்க்கை என்றாலே எல்லோருக்கும் ஒரு நாட்டு மாடு வாங்கணும் என்று ஆசை. அழகுதான். ஆனால் மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீபாவளி கிடையாது. நண்பன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போகணும் என்றால் பால் கறக்க யாரைக் கூப்பிடுவீங்க? அந்த பதில் இல்லாமல் மாடு வாங்காதீங்க.

நாட்டுக்கோழியில் ஆரம்பிங்க. அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு 10, 12 முட்டை வையுங்க. ஏழாவது நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தால், கரு வளர்ந்த முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்தி மாதிரி தெரியும். எதுவும் தெரியாமல் வெளிச்சமாக இருந்தால் அது கூமுட்டை, எடுத்துடுங்க. 21-வது நாள் குஞ்சு. அதற்கு 7-வது நாளிலேயே வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விடணும். இதைத் தள்ளிப்போட்டவர்கள்தான் 'நாட்டுக்கோழி எல்லாம் வேஸ்ட் ப்ரோ' என்று பேசுகிறவர்கள்.

மாடு வந்தபிறகு ஒரே ஒரு விதியைச் சுவரில் எழுதி வையுங்க. காலையில் சினைக்குக் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி. தவறவிட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்கணும். அந்த 21 நாள் தீவனச் செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்து. கால்நடைக்கு அவசரம் என்றால் 1962-க்குக் கூப்பிடுங்க. மனுஷங்களுக்கு 108 மாதிரி அது.

ராத்திரி, டார்ச், பாம்பு

ராத்திரி தண்ணி கட்டப் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இது. நம்ம ஊரில் அதிக உயிர்களைப் பறிப்பவை நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். கண்ணாடிவிரியன் வயல் வரப்புகளில் சர்வசாதாரணம். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியும் வீக்கமும் அதிகம் இல்லாததால் 'எறும்பு கடிச்சிருக்கும்' என்று திரும்பத் தூங்கிவிடுவார்கள். அதுதான் ஆபத்து. தோட்டத்து வீட்டில் கட்டில், அதன் மேல் நன்றாகச் செருகிய கொசுவலை. இது சொகுசு இல்லை, பாதுகாப்பு.

வரப்பில் நடக்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நல்ல டார்ச். கடித்துவிட்டால் ஓடக் கூடாது. கடிபட்ட இடத்தை வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கை காலை அசையாமல் குச்சி வைத்துத் தாங்கி, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகணும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை, அந்த மருந்து நாலு பாம்புக்கும் பொதுவானது. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷம், மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் போகிறது. உங்கள் நிலத்துக்கு எந்த மருத்துவமனை பக்கம், எத்தனை நிமிஷம் என்று பகலிலேயே ஒரு தடவை பைக்கில் போய்ப் பார்த்துவிடுங்க.

யார்கிட்ட கத்துக்கிறது?

முதல் முகவரி, வேளாண் அறிவியல் நிலையம், அதாவது கே.வி.கே. இந்தியாவின் முதல் கே.வி.கே 1974-ல் தொடங்கியதே நம்ம புதுச்சேரியில்தான். காளான், தேனீ, நாற்றங்கால், மண்புழு உரம் என்று சின்னச் சின்னப் பயிற்சிகள் நடக்கும். ஆடு, மாடு, கோழிக்குக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கு. இயற்கை விவசாயத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு, நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்தில் உருவாக்கிய வானகம் இருக்கு. உழவன் செயலியை இன்றைக்கே போனில் ஏற்றிடுங்க, மானியம், வானிலை, சந்தை விலை எல்லாம் அதில் வரும்.

ஆனால் என்னைக் கேட்டால், சான்றிதழ் கொடுக்காத ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. களை எடுக்க வரும் பெண்கள். ஒரு நாள் முழுக்க அவர்களோடு வரிசையில் குனிந்து களை எடுங்க. எது பயிர், எது களை, எந்தக் களை கீரையாகச் சமைக்கலாம், எந்த இலை சுருண்டால் என்ன பூச்சி... பேச்சோடு பேச்சாக வந்து விழும். "தம்பி, களைக்கொத்தை இப்படிப் பிடிச்சா இடுப்பு போயிடும், இப்படிப் பிடி" என்று ஒரு அக்கா சொல்வார். பதினோரு மணிக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுங்க. கூலியை அன்றைக்கே கொடுங்க. நடவு, அறுப்பு நேரத்தில் ஊரே ஆள் தேடும்போது உங்கள் நிலத்துக்கு யார் வருவார்கள் என்பது இதில்தான் இருக்கு. லேப்டாப்போடு வரப்பில் நின்று வேலை வாங்கும் 'யங் ஃபார்மர்' தம்பிக்கு ரெண்டாவது தடவை ஆள் கிடைப்பது கஷ்டம்.

இந்த அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் வயசாகிக்கொண்டே போகுது. அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போயாச்சு. ஏர் பிடித்தவர், கமலை இறைத்ததைப் பார்த்தவர், விதையைச் செம்மண் பூசிக் காய வைத்தவர் எல்லாம் இன்னும் எத்தனை வருஷம் வரப்பில் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள்? 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்பதற்கு இந்த ஒரு விஷயத்தில் இடமே இல்லை.

வீக் எண்ட் டைம்டேபிள்

காகித வேலையை ஒரே மூச்சில் முடிச்சிடுங்க. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று. கூட்டுப் பட்டாவா, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கு, டிராக்டர் உள்ளே வரப் பாதை இருக்கா? பாதை பேப்பரில் இருக்கணும், 'பெரியப்பா விடுவாரு' என்பதெல்லாம் பெரியப்பா இருக்கும் வரைதான்.

பிறகு நிலத்தோடு ஒரு சுற்று. சித்திரையில் கிணற்றை அளங்க. ஆடியில் 10 சென்ட் விதைங்க, அந்தப் பட்டத்தை ஊரே தேடி விதைக்கும், கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கும். ஐப்பசியில் அடை மழை கொட்டும்போது ஊருக்குப் பஸ் ஏறுங்க. குடையோடு நிலத்தில் நின்று தண்ணி எங்கிருந்து வருது, எங்கே தேங்குது, எந்த மூலையில் வரப்பை உடைத்துக்கொண்டு போகுது என்று போனில் வீடியோ எடுங்க. பண்ணைக்குட்டை எங்கே வெட்டணும், வீடு எங்கே கட்டக் கூடாது என்று அந்த ஒரு மணி நேரம் சொல்லிவிடும். தையில் அறுவடையைக் கூடையில் வைத்துச் சந்தைக்கு நீங்களே கொண்டுபோங்க. காலையில் ஒரு விலை, பதினோரு மணிக்கு ஒரு விலை இருக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. செலவு, வரவு, உங்கள் உழைப்பு மணி என்று மூணு கட்டம். பஸ் டிக்கெட், டீச் செலவு உட்பட எழுதணும். முக்கியமாக, உங்கள் உழைப்பு மணியை, பக்கத்தில் வேலை செய்த அக்காவுக்குக் கொடுத்த அதே கூலி விகிதத்தில் கணக்குப் போடுங்க. பங்குனி கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது வரும் எண் மைனஸில் இருந்தால், சம்பளத்தை விடாமல் இன்னொரு ஆடிக்கு அதே 10 சென்ட். ப்ளஸ்ஸில் இருந்தால் 30 சென்ட்டுக்குப் போகலாம், டிரம் சம்மதித்தால்.